ஏழாம் கோடு

திருவாலங்காடு
9 ஜூன் 2025

லோகு அண்ணாவுக்கு,

நேற்று உங்கள் ஷெட்டில், வேலை செய்கிறவர்கள் அத்தனை பேர் முன்னால் என் கார் சாவியை என் கையிலேயே திணித்து, "இப்போ வேணாம்மா, எட்துக்கினு போ" என்றீர்களே, அதற்குக் காரணம் கேட்கத்தான் இந்தக் கடிதம். போனில் கேட்டிருப்பேன். நீங்கள்தான் போனில் வேலை பேச மாட்டீர்களே. வண்டி வேலைக்கு வந்த சின்னதுரை போனில் "செய்யுங்க" என்று சொல்லிவிட்டு, செய்து முடித்த பிறகு "நான் எப்போ சொன்னேன்?" என்று கேட்டதிலிருந்து உங்கள் கும்மிடிப்பூண்டி ஷெட்டில் எல்லாமே எழுத்தில்தான். சரி, எழுதுகிறேன்.

நான் ஒன்றும் வானத்தை வில்லாக வளைக்கச் சொல்லவில்லை. ரேஸ் விதிப்படி காருக்குள் போட வேண்டிய பாதுகாப்புக் கூண்டைப் போன மாதமே போட்டுக் கொடுத்தீர்கள். அதில் ஒரு குறையும் இல்லை. இப்போது கேட்பது காரின் உடம்புக்கு. கம்பெனியில் பொட்டுப் பொட்டாக வைத்த வெல்டுகளுக்கு நடுவே நீங்கள் வெல்டு வைத்து நிரப்ப வேண்டும், அடியில் இரும்புப் பட்டை போட வேண்டும். சேசிஸ் அசையக் கூடாது. அவ்வளவுதான்.

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் என்னோடு ஓட்டும் பதினோரு பேரில் எட்டுப் பேர் இதைச் செய்து முடித்துவிட்டார்கள். மொத்தம் நான்கு சுற்று. கடைசியில் புள்ளிக் கணக்கில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் ஒரு அணி அடுத்த வருஷம் அவர்களுடைய காரையே ஓட்டத் தருவதாகச் சொல்லியிருக்கிறது. எனக்கு இருபத்தெட்டு வயது. இப்படி ஒரு வாய்ப்பு வரிசையில் நின்று திரும்ப வராது.

உங்களுக்கு முடியாவிட்டால் அம்பத்தூரில் ஆள் இருக்கிறது. மிரட்டலுக்காக எழுதவில்லை. சரி, கொஞ்சம் மிரட்டல்தான்.

கல்பனா

*

கும்மிடிப்பூண்டி
12 ஜூன் 2025

கல்பனாவுக்கு லோகு எழுதுவது.

உன் கடிதத்தை அப்பாவு கொண்டுவந்தார். அவர் டெம்போ தினமும் பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூர் போய் வருகிறது. இந்தப் பதிலும் அவர் கையில்தான் வரும்.

சாவியைத் திணித்தது தப்பு. வேண்டாம் என்றது தப்பில்லை.

காட்டுப்பள்ளியில் ஆறு வருஷம் கப்பலுக்கு வெல்டு வைத்தவன் நான். வெல்டு வைக்கக் கை எனக்கு அரிக்காமலா இருக்கும்? ஆனால் வைத்ததைத் திரும்ப எடுக்க முடியாது. இரும்பு கூடினால் எடை கூடும், எடை கூடினால் பிரேக்கும் டயரும் திணறும். அதைவிடப் பெரிய விஷயம், ஓர் இடத்தை இறுக்கினால் அந்த இழுப்பு அடுத்த இடத்தில் போய் உட்காரும். எந்த இடம் அசைகிறது என்று தெரியாமல் எல்லாவற்றையும் இறுக்குவது, எந்தப் பல் வலிக்கிறது என்று கேட்காமல் வாயில் இருக்கிற அத்தனையையும் பிடுங்குகிற மாதிரி.

எனக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஓட்டுகிறவர், பிறகு டயர், பிறகு ஸ்பிரிங், கடைசியில்தான் இரும்பு. உன் காரில் இன்னும் சாலை டயர்தான் இருக்கிறது. அந்த டயரின் பிடிப்புக்கு உன் சேசிஸே அதிகம். அந்த எட்டுப் பேரும் செய்தார்கள் என்றால், அவர்கள் காருக்குத் தேவை இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் தெரியாது.

பின் எப்போதுதான் என்று கேட்பாய். கார் சொல்லும். இத்துடன் ஒரு நகப்பூச்சு பாட்டில் வருகிறது. சிரிக்காதே. என் வீட்டுக்காரி ஏஞ்சலின் பெரியபாளையம் கோயில் எதிரே வளையல் கடையில் வாங்கியது, மெரூன் நிறம். இரண்டு தகடு சேருகிற இடங்களைத் தாளில் வரைந்து ஒன்றிலிருந்து பதினான்கு வரை எண் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு இடத்தையும் தின்னரால் துடைத்துவிட்டு, இந்தத் தகட்டிலிருந்து அந்தத் தகட்டுக்கு மெல்லிசாக ஒரு கோடு போடு. காய்ந்த நகப்பூச்சுக்கு வளையத் தெரியாது. தகடு ஒரு மயிரளவு நகர்ந்தாலும் கோடு முறிந்துவிடும். முறிந்த இடத்தில் வெல்டு வைப்பேன். முறியாத இடத்தைத் தொட மாட்டேன்.

இன்னொன்று. பின்பக்கம் ஒரு மூலையை மட்டும் ஜாக்கியில் தூக்கி, கதவைத் திறந்து சாத்திப் பார். எப்போதும் போலச் சாத்தினால் கவலையில்லை.

ஒரு கோடு முறிந்தாலும் அன்றைக்கே நிறுத்திவிட்டு வண்டியை இங்கே அனுப்ப வேண்டும். சம்மதம் என்றால் எழுதி அனுப்பு. இல்லை என்றால் அம்பத்தூர் பக்கத்தில்தான் இருக்கிறது.

லோகு

*

திருவாலங்காடு
15 ஜூன் 2025

லோகு அண்ணா,

சம்மதம். எழுதிவிட்டேன், கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் காருக்கு அடியில் படுத்து நகப்பூச்சு போட்டுக்கொண்டிருந்தபோது அப்பா வயலிலிருந்து வந்து குனிந்து பார்த்தார். "இன்னாம்மா, வண்டிக்கு நிச்சயதார்த்தமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அம்மா இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள். இந்த அவமானமும் உங்கள் கணக்கில்தான்.

மூலையைத் தூக்கிப் பார்த்தேன். கதவு ஒழுங்காகச் சாத்துகிறது. நீங்கள் சொன்னது சரியாக இருக்கும்போது எனக்கு வரும் எரிச்சலை எழுத்தில் சொல்ல முடியாது.

கல்பனா

*

திருவாலங்காடு
15 ஜூலை 2025

லோகு அண்ணா,

முதல் சுற்று முடிந்தது. ஐந்தாம் இடம். பதினான்கு கோடும் முழுசாக இருக்கின்றன. டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், காரில் ஒரு குறையும் இல்லை. இரண்டாவது வளைவில் நான்தான் பயந்து சீக்கிரமே பிரேக்கை மிதிக்கிறேன். நீங்கள் "முதலில் ஓட்டுகிறவர்" என்று எழுதியதைக் கோபத்தோடு படித்தேன். அன்றைக்கு டிராக்கில் அதுவே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

என்னை முந்தியவர்களில் ஒருவர் கார் முழுக்க வெல்டு வைத்திருக்கிறார். வளைவை விட்டு வெளியே வரும்போது அந்தக் கார் கனத்துப்போய்க் கிளம்பியதை என் கண்ணாலேயே பார்த்தேன். அவர் நேர்ச்சாலையில் என்னை முந்தியது இன்ஜின் பலத்தில், சேசிஸ் பலத்தில் இல்லை.

இன்னொரு செய்தி. அடுத்த சுற்றிலிருந்து எங்கள் எல்லோருக்கும் ஸ்லிக் டயர். கோடு வரியே இல்லாத மொழுமொழு டயர், தரையை அட்டை மாதிரி கவ்வுமாம். அப்போது என்ன ஆகும்?

கல்பனா

*

கும்மிடிப்பூண்டி
18 ஜூலை 2025

கல்பனாவுக்கு,

ஐந்தாம் இடத்துக்கு வாழ்த்து. ஏஞ்சலின் பாட்டில் போதுமா என்று கேட்கச் சொன்னாள்.

ஸ்லிக் வந்தால் கதை மாறும். டயர் தரையைப் பிடித்துக்கொள்ளும், காரின் உடம்பு வெளிப்பக்கம் போகப் பார்க்கும், நடுவில் இழுபடுவது தகடுதான். ஐந்திலிருந்து எட்டு வரை உள்ள கோடுகளை நன்றாகப் பார். முக்கியமாக ஏழு. அது உன் கதவுப் பக்கம், கதவுத் தூண் கீழே வந்து அடித்தளத்தோடு சேருகிற இடம். பக்கவாட்டில் எவனாவது வந்து இடித்தால் உனக்கும் அவனுக்கும் நடுவே இருப்பது அந்த மூலைதான்.

ஏழு முறிந்தால் ஒரு சுற்றுகூட ஓட்டாதே. இதை வேண்டுகோளாக எழுதவில்லை.

லோகு

*

திருவள்ளூர்
26 ஆகஸ்ட் 2025

லோகு அண்ணா,

இரண்டாம் இடம்! ஆமாம், சரியாகத்தான் படிக்கிறீர்கள். ஸ்லிக் டயர் என்றால் இதுதான் டயர், இவ்வளவு நாள் ஓட்டியதெல்லாம் பூசணிக்காய். இரண்டாவது வளைவில் பயமில்லை. மொத்தப் புள்ளியில் இப்போது மூன்றாம் இடத்தில் இருக்கிறேன். அணியிலிருந்து ஒருவர் வந்து பெயரையும் போன் எண்ணையும் எழுதிக்கொண்டு போனார். அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். அப்பா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

கோடுகள் எல்லாம் நன்றாக இருக்கின்றன, பதினான்கும்.

சைலன்சரைப் பிடிக்கும் பிராக்கெட் ஒன்று விட்டுப்போய்விட்டது. அதற்காக மட்டும் காரை அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்தால் நல்லது. மூன்றாம் சுற்று செப்டம்பர் 21. வேறு எதுவும் பார்க்க வேண்டாம், உங்களுக்கும் வேலை அதிகம் இருக்கும்.

கல்பனா

*

கும்மிடிப்பூண்டி
29 ஆகஸ்ட் 2025

கல்பனா அவர்களுக்கு,

சைலன்சர் பிராக்கெட் வைத்தாகிவிட்டது. வண்டியும் இந்தக் கடிதத்தோடு வருகிறது.

பதின்மூன்று கோடுகள் தூசியும் எண்ணெயும் ஏறி மங்கிக் கிடக்கின்றன. ஏழாவது மட்டும் பளபளவென்று இருக்கிறது. ஷெட்டில் வேலை செய்கிற ராபினைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இன்னாண்ணா இது, நேத்து பூசின மாதிரி கீது" என்றான். நான் தின்னர் தொட்டு மெதுவாகத் துடைத்தேன். மேலே உங்கள் புது மெரூன். அதற்குக் கீழே ஏஞ்சலின் வாங்கிய மெரூன், நடுவில் முறிந்து.

நான் வண்டியைப் பிடித்துவைக்க மாட்டேன். வண்டி உங்களுடையது. ஓட்டுவதும் ஓட்டாததும் உங்கள் முடிவு. ஆனால் என் ஷெட்டில் எல்லாம் எழுத்தில்தான் என்று உங்களுக்குத் தெரியும். இத்துடன் ஒரு வேலை அட்டை வைத்திருக்கிறேன். அதில் ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறேன்: "ஏழாம் கோடு முறிந்தது தெரிந்தே இந்தக் காரை ரேஸில் ஓட்டுகிறேன்." கீழே கையெழுத்துப் போட்டு அப்பாவுவிடம் கொடுத்தனுப்புங்கள். கோப்பில் வைத்துக்கொள்கிறேன்.

லோகநாதன்

*

திருவள்ளூர்
3 செப்டம்பர் 2025

லோகு அண்ணா,

"நீங்கள்", "அவர்களுக்கு" என்று எழுதியிருந்தீர்கள். திட்டியிருந்தால்கூட இவ்வளவு சுட்டிருக்காது.

நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாம் சுற்று முடிந்து, கோப்பையை வாங்கிக்கொண்டு வந்து, சந்தோஷத்தில் கதவைத் திறந்து டார்ச் அடித்தேன். ஏழு முறிந்திருந்தது. தலைமுடி மாதிரி ஒரு கீறல், அவ்வளவுதான். இது போய் ஒரு முறிவா என்று தோன்றியது. காரை உங்களிடம் கொடுத்தால் ஒரு மாதமாவது ஆகும், மூன்றாம் சுற்று போய்விடும், மூன்றாம் இடமும் போய்விடும். ஜூன் மாதம் உங்கள் ஷெட்டில் நின்று "இப்பவே வெல்டு வைங்க" என்று கத்தியவள் நான். ஆகஸ்டில் வெல்டு வைக்கக் கூடாது என்பதற்காகப் பொய் சொன்னவளும் நான். இரண்டு தடவையும் எனக்கு வேண்டியதைத்தான் பார்த்தேன். காரைப் பார்க்கவில்லை.

என் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். காக்களூர் தொழிற்பேட்டையில் பாகங்களைச் சோதித்து அனுப்புவது. ஒரு நாளைக்கு நாற்பது அறிக்கையில் கையெழுத்துப் போடுகிறேன். ஒரு நூல் அளவு கூடினாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். கெஞ்சுவார்கள், கோபப்படுவார்கள், நான் அசைய மாட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. உங்கள் அட்டையை ஐந்து நாளாக மேஜையில் வைத்திருக்கிறேன். பேனாவைத் திறப்பேன், அந்த ஒரு வரியைப் படிப்பேன், மூடிவிடுவேன். அது பொய்யாக இருந்திருந்தால் போட்டிருப்பேன் போலிருக்கிறது. உண்மையாக இருப்பதால் கை வரவில்லை.

மூன்றாம் சுற்றிலிருந்து விலகிவிட்டதாக இன்று காலை தகவல் கொடுத்துவிட்டேன். கார் அப்பாவுவின் டெம்போவுக்குப் பின்னால் கட்டி வருகிறது. அட்டையும் வருகிறது, கையெழுத்து இல்லாமல்.

செய்யுங்கள், அண்ணா. எங்கே தேவையோ அங்கே.

கல்பனா

*

கும்மிடிப்பூண்டி
20 செப்டம்பர் 2025

கல்பனாவுக்கு,

நாளைக்கு நீ அங்கே ஓட்டிக்கொண்டிருக்க வேண்டிய நாள். அதனால்தான் இன்றைக்கே எழுதுகிறேன், காலையில் உன் கையில் இது இருக்க வேண்டும்.

ஏழாம் கோட்டின் பெயின்ட்டைச் சுரண்டினேன். பெயின்ட்டுக்குக் கீழே தகடு இல்லை, பள்ளத்தை மறைக்கப் பூசுகிற புட்டி இருந்தது. நீ வாங்குவதற்கு முன்னால் எப்போதோ இந்தக் கார் அந்தப் பக்கம் அடி வாங்கியிருக்கிறது. யாரோ தகட்டை வெட்டி, ஒப்புக்கு இரண்டு பொட்டு வெல்டு வைத்து, மேலே விரல் தடிமனுக்குப் புட்டி பூசி, அழகாக நீலப் பெயின்ட் அடித்துவிட்டார்கள். அந்த இரண்டு பொட்டில் ஒன்று விட்டுவிட்டது. இன்னொன்றை நான் கையால் ஆட்டினேன், வந்துவிட்டது. ராபின் சிலுவை போட்டுக்கொண்டான்.

இப்போது என் பங்குக்கு. கூண்டு போட்டபோதே, இல்லாவிட்டால் ஜூனில் நீ காரோடு வந்து நின்ற அன்றைக்காவது, நான் பெயின்ட்டைச் சுரண்டிப் பார்த்திருக்க வேண்டும். அடிபட்ட காரா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. சின்னப் பசங்களுக்கே தெரியும். நீ சத்தமாகக் கேட்டாய், எனக்குக் கோபம் வந்தது, கோபத்தில் சாவியைத் திணித்தேன். பெரிய பாடமெல்லாம் எழுதினேன், பல் வைத்தியம் வரைக்கும். தகட்டைப் பார்க்கவில்லை. நீ காரைப் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தாய். நானும் பார்க்கவில்லை.

நீ கேட்டபடி ஜூனில் வெல்டு வைத்திருந்தால், சுற்றியுள்ள நல்ல தகட்டையெல்லாம் இறுக்கியிருப்பேன். இழுப்பு முழுக்க இந்தப் புட்டிக்குத்தான் வந்திருக்கும். அதனால் நான் வேண்டாம் என்றது சரிதான். அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வேலை இப்படி நடந்தது. காரை நான்கு மூலையும் சமமாக இருக்கும்படி மேடையில் உட்காரவைத்து, மூலைக்கு மூலை நூல் பிடித்து அளந்த பிறகுதான் நெருப்பையே பற்றவைத்தேன். உடம்பு கோணலாக இருக்கும்போது வெல்டு வைத்தால் கோணல் அப்படியே நின்றுவிடும். பழைய தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு. விரல் அகலம் ஒரு வெல்டு, ஆறவிட்டு எதிர்ப் பக்கம் ஒன்று, திரும்பவும் நூல். கூடவே எதிர்ப்பக்கத் தூணுக்கும் அதே மாதிரி, இரண்டு பக்கமும் ஒரே பலமாக இருக்க வேண்டும் என்பதற்காக. வேறெங்கும் தொடவில்லை. மொத்தம் நாலரைக் கிலோதான் கூடியிருக்கிறது.

புதிதாகப் பதினான்கு கோடு போட்டிருக்கிறேன். இந்த முறை நானே போட்டேன். ஏஞ்சலின் பக்கத்தில் நின்றுகொண்டு, "எனுக்கு ஒரு நாளாச்சும் போட்டு உட்டுக்கிறியா?" என்று கேட்டாள்.

கையெழுத்து இல்லாத அட்டை கோப்பில் இருக்கிறது. அந்தக் கோப்பிலேயே எனக்குப் பிடித்தது அதுதான்.

லோகு

*

திருவாலங்காடு
13 அக்டோபர் 2025

லோகு அண்ணா,

நேற்று கடைசிச் சுற்று. நீங்கள் வருவீர்கள் என்று கேலரியில் தேடினேன். ஏஞ்சலின் அண்ணிக்குக் காய்ச்சல் என்று அப்பாவு சொன்னார். இப்போது எப்படி இருக்கிறது?

முதலில் கெட்ட செய்தி. மொத்தப் புள்ளியில் நான்காம் இடம். அந்த அணியின் கார் கிடையாது. பரவாயில்லை என்று எழுதினால் திரும்பவும் பொய் சொன்னதாகிவிடும். வீட்டுக்கு வரும் வழியில் பூந்தமல்லி வரைக்கும் அழுதேன். அதற்குப் பிறகு பசித்தது. ஒரு கடையில் நிறுத்திப் பரோட்டா சாப்பிட்டேன். அடுத்த வருஷமும் இதே காரில் வருவேன், முதல் மூன்றுக்குள் முடிப்பேன். இதையும் கோப்பில் வையுங்கள்.

இனி நடந்தது. டிராக்கை ஆறாவது முறை சுற்றும்போது, இரண்டாவது வளைவு. நான் உள்பக்கம், எனக்கு வெளியே வரதன் என்று ஒருத்தர். அவர் கார் பின்பக்கம் வழுக்கி, அப்படியே பக்கவாட்டில் வந்து என் கதவில் இடித்தது. தட்டியதல்ல அண்ணா, இடித்தது. ஹெல்மெட்டுக்குள்ளே பல் ஒன்றோடொன்று மோதியது. அந்த நொடியில் ரேஸ், புள்ளி, அணி எதுவும் ஞாபகம் வரவில்லை. நீங்கள் கையால் ஆட்டியதும் வந்துவிட்ட அந்தப் பொட்டுதான் ஞாபகம் வந்தது. அது அங்கே இருந்திருந்தால் கதவும் தூணும் என் மடியில் இருந்திருக்கும். இதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம்.

கார் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நேராக நின்றது. ஸ்டீயரிங் நேராக இருந்தது. மிதித்தேன், போனது. மூன்றாவதாக வந்து முடித்தேன். வரதன் வந்து மன்னிப்புக் கேட்டார், அவருக்கும் அடியில்லை.

கதவின் வெளித்தகடு உள்ளே போயிருக்கிறது, புதுக் கதவு வேண்டும். ஆனால் கைப்பிடியை ஒரே இழுப்பு, கதவு திறந்தது. இறங்கி, அங்கேயே மண்டி போட்டு, டார்ச் அடித்து ஒன்றிலிருந்து பதினான்கு வரை பார்த்தேன். அறிக்கை கீழே.

ஒன்று முதல் ஆறு வரை: முழுசு.
எட்டு முதல் பதினான்கு வரை: முழுசு.
ஏழு: முழுசு. நகத்தால் தொட்டுப் பார்த்தேன். பூசவில்லை.

கல்பனா
(கையெழுத்து இந்த முறை போட்டிருக்கிறேன்)